பழைய லென்ஸில் புகை மூட்டம் மாதிரி ஃபிளேர்: கோட்டிங் குறையா, வேறு ஏதாவதா?

#1 கரிச்சான்

கையில் ஒரு ஹீலியோஸ் 44-2 இருக்கிறது. 58 மி.மீ., எஃப்/2, எம்42 திருகு. ஏபிஎஸ்-சி சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறியது) உள்ள மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் வைத்துப் பயன்படுத்துகிறேன். வெளிச்சம் என் முதுகுப் பக்கம் இருந்தால் படம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வருகிறது. ஜன்னல் பக்கம் திரும்பினால் போச்சு. படம் முழுக்க யாரோ பாலைக் கரைத்து ஊற்றியது போல ஆகிவிடுகிறது.

சூரியனே படத்துக்குள் இருந்து இப்படி வந்தால் புரிந்துகொள்வேன். இங்கே ஜன்னல் சட்டகத்துக்கு வெளியே, இடப்பக்கம் இருக்கிறது. படத்தில் தெரியவே இல்லை. அப்படியும் கறுப்புச் சட்டை சாம்பல் சட்டையாகிவிடுகிறது. ஹிஸ்டோகிராம் (படத்தின் கறுப்பு முதல் வெள்ளை வரை காட்டும் வரைபடம்) கறுப்பைக் குறிக்கும் இடது ஓரத்தைத் தொடுவதே இல்லை, அங்கே ஒரு விரற்கடை காலியாகக் கிடக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. எஃப்/8, எஃப்/11 என்று அபெர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை) மூடிக்கொண்டே போனால் படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் ஒன்று தெரிகிறது. எஃப்/2-இல் அது இல்லை.

கேட்ட இடத்திலெல்லாம் "பழைய லென்ஸ், ஒற்றைக் கோட்டிங், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் வெளிச்சத் தடுப்பு) போட்டால் சரியாகுமா, இல்லை கைமாற்றிவிடலாமா?

#2 வெளிச்சப்பூச்சி

அந்தப் பாலுக்காகத்தான் நாங்கள் அந்த லென்ஸையே தேடி அலைகிறோம்! கைமாற்றுகிற எண்ணம் வந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்.

#3 கண்ணாடிப்பித்தன்

கோட்டிங்தான் நண்பரே, பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடிமேல் பூசும் மெல்லிய படலம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோட்டிங் இல்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஒளிவிலகல் எண் 1.7 அளவுள்ள கனமான கண்ணாடி என்றால் 6 சதவீதத்துக்கும் மேல். ஹீலியோஸில் ஆறு கண்ணாடிகள், நான்கு குழுக்கள். அதாவது காற்றைத் தொடும் முகங்கள் எட்டு. 4 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் கோட்டிங் இல்லாமல் எட்டு முகம் தாண்டினால் 72 சதவீத வெளிச்சம்தான் மறுபக்கம் போய்ச் சேரும். மிச்சமெல்லாம் திரும்பிப் போகிறது, அதில் ஒரு பங்கு உள்ளேயே முட்டி மோதுகிறது.

இந்த வடிவத்தின் முன்னோடி பிளானர். 1896-இல் ஜெர்மனியின் செய்ஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் அதை வடிவமைத்தார். உருவப் பிழைகளைத் திருத்துவதில் நன்றாக இருந்தும் இந்த எட்டு முகத் தொல்லையால் பல வருடம் அதற்குப் பெரிய மவுசு இல்லாமல் போனது. 1902-இல் அவரே கொண்டுவந்த டெஸாருக்கு ஆறு முகங்கள்தான், அது பிய்த்துக்கொண்டு போனது. பிற்பாடு லுட்விக் பெர்ட்டலே 1930-களின் தொடக்கத்தில் சோன்னாரை வடிவமைத்தபோது, கண்ணாடிகளைக் கூட்டமாக ஒட்டி எஃப்/1.5 லென்ஸிலும் ஆறு முகத்தோடு நிறுத்தினார். ஒட்டிய இடத்தில் பிரதிபலிப்பு அநேகமாக இல்லை என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிளானர் வந்த அதே 1896-இல்தான் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர், நாள்பட்டு நிறம் ஏறிப்போன லென்ஸ் புத்தம்புது லென்ஸைவிட அதிக வெளிச்சத்தைக் கடத்துவதைக் கவனித்தார். களிம்பேறிய மேற்பரப்பே கோட்டிங் வேலையைச் செய்திருக்கிறது! அதை ஒழுங்காகச் செய்ய 1935 வரை, செய்ஸில் ஸ்மாகுலா வரும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. பல அடுக்குக் கோட்டிங் சாதாரணக் கேமரா லென்ஸ்களுக்குப் பரவலாக வந்தது 1971-இல் பென்டாக்ஸின் சூப்பர்-மல்டி-கோட்டட் டாகுமார்களுக்கு அப்புறம்தான். உங்களுடையது ஒற்றை அடுக்கு. ஆகவே அப்படித்தான் இருக்கும்.

#4 கால்ஸ்டாப்

> ஆகவே அப்படித்தான் இருக்கும்.

வரலாறு சுவையாக இருந்தது, ஆனால் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். மீதியை நான் போடுகிறேன்.

ஒரு கதிர் சென்சாருக்கு ஃபிளேராக வந்து சேர வேண்டுமென்றால் இரண்டு முறை பிரதிபலிக்க வேண்டும். ஒரு முறை மட்டும் பிரதிபலித்தால் அது முன்பக்கமே திரும்பிப் போய்விடும். கோட்டிங் இல்லாத இரண்டு முகங்களுக்கு இடையே 4 சதவீதத்தில் 4 சதவீதம், அதாவது 625-இல் ஒரு பங்கு. ஒற்றை அடுக்கில் ஒரு முகத்துக்கு 1.5 சதவீதம் என்று வைத்தால் சுமார் 4,400-இல் ஒரு பங்கு. நல்ல பல அடுக்கில் 0.3 சதவீதம் என்றால் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

எட்டு முகத்தில் 28 ஜோடிகள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் கோட்டிங் இல்லாத லென்ஸில் உள்ளே வரும் வெளிச்சத்தில் 4.5 சதவீதம் படத்தின் மேல் பூசிக்கொள்ளலாம். ஒற்றை அடுக்கில் 0.6 சதவீதம். ஜன்னல் படத்துக்குள் இருந்தால் இந்த 0.6 கண்ணுக்குத் தெரியும். ஜன்னல் படத்துக்கு வெளியே இருக்கும்போது கறுப்புச் சட்டை சாம்பலாகிறது என்றால் இது மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதிலும் அந்த நடுவட்டம் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

கரிச்சான், நீங்கள் ஏபிஎஸ்-சி என்கிறீர்கள். அந்த லென்ஸ் முழு ஃபிரேமுக்காக, அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்காகச் செய்தது. குறைந்தது 43 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைப் பின்னால் கொட்டுகிறது. உங்கள் சென்சார் அந்த வட்டத்தின் பரப்பில் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி வெளிச்சம் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? அடாப்டர் சுவரில் போய் அடிக்கிறது.

#5 திருகாணி

கால்ஸ்டாப் சொன்னதுதான் என் அனுபவமும். ஃபிளேர் என்று என்னிடம் வருகிற பழைய லென்ஸ்களில் கோட்டிங்கைக் குறை சொல்ல வேண்டிய நிலைமை கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் வரிசையில் நான்கு பேர் நிற்பார்கள்: முன்னால் மாட்டிய ஃபில்டர், பின்னால் மாட்டிய அடாப்டர், கண்ணாடிமேல் படிந்த எண்ணெய்ப் புகை, உதிர்ந்துபோன கறுப்புப் பூச்சு. எதையும் வாங்குவதற்கு முன்னால், எதையும் கழற்றுவதற்கு முன்னால், யார் திருடன் என்று பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

ஃபில்டர் இருந்தால் கழற்றிவையுங்கள். பிறகு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அதே ஜன்னல், அதே கோணம், கையை நீட்டி லென்ஸின் முன்கண்ணாடிமேல் நிழல் விழும்படி பிடியுங்கள். கை படத்துக்குள் வரக்கூடாது, நிழல் மட்டும் விழ வேண்டும். நிழல் விழுந்ததும் திரையில் கறுப்பு பட்டென்று இறங்கினால் நல்ல ஹூட்டே பெரும்பாதி வேலையைச் செய்துவிடும். கொஞ்சம்தான் இறங்கினால், படத்துக்குள் இருக்கிற வெளிச்சமே உள்ளே எங்கோ சிதறுகிறது என்று அர்த்தம்.

அடுத்ததுதான் முக்கியம். லென்ஸை அடாப்டரோடு சேர்த்தே கேமராவிலிருந்து எடுங்கள். இருட்டறையில் ஒரு மேசை விளக்கைப் போட்டு, லென்ஸின் முன்பக்கத்தை விளக்குக்குச் சற்றுப் பக்கவாட்டில் காட்டுங்கள். சென்சார் இருக்கும் இடத்தில் உங்கள் கண் இருக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் அபெர்ச்சர் வட்டம் மட்டும்தான் வெளிச்சமாக இருக்கலாம். அதைச் சுற்றி வேறு எது மின்னினாலும் அதெல்லாம் சென்சார்மேல் போய் விழுகிறது. கண்ணைச் சென்சாரின் நான்கு மூலைகளுக்கும் நகர்த்திப் பாருங்கள். விளக்கையும் லென்ஸைச் சுற்றி நகர்த்துங்கள்.

கடைசியாக டார்ச். ஃபோனில் இருப்பதே போதும். அபெர்ச்சரை எஃப்/2-இல் முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். நேராக அடித்தால் தூசி எல்லாம் பூதாகரமாகத் தெரிந்து உங்களைக் கலங்கடிக்கும். தூசியை விடுங்கள், அது ஒன்றும் செய்யாது. ஒரு கண்ணாடி முழுக்க மூச்சு விட்ட மாதிரி வெளிறித் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

#6 கரிச்சான்

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். இதை இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேனே!

ஃபில்டர் எதுவும் இல்லை. கை நிழலில் கறுப்பு இறங்கியது, ஆனால் பாதிதான் இறங்கியது.

பின்னாலிருந்து பார்த்தபோது அடாப்டருக்குள் வெள்ளிப் பிறை ஒன்று நின்றது. விளக்கை நகர்த்தினால் பிறையும் எதிர்ப்பக்கமாக நகர்கிறது. அடாப்டரின் உள்சுவர் நேராகப் பார்த்தால் நல்ல கறுப்பாகத்தான் இருக்கிறது. சாய்வாகப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. எம்42 திருகின் கடைசிப் புரி வேறு பூச்சே இல்லாமல் வெறும் உலோகமாக இருக்கிறது.

டார்ச்சும் அடித்தேன். தூசி நிறைய. ஆனால் அபெர்ச்சர் பிளேடுகளுக்குப் பின்னால் இருக்கும் முகத்தில் நீங்கள் சொன்ன அதே மூச்சுக்காற்றுப் படலம். பூஞ்சைக் கிளை மாதிரி எதுவும் இல்லை, சீரான வெளுப்பு. பிளேடுகளிலும் இரண்டில் எண்ணெய் மினுமினுப்பு.

அப்படியென்றால் இரண்டு திருடர்களா?

#7 திருகாணி

இரண்டு திருடர்கள்தான். முதலில் அடாப்டரைப் பிடியுங்கள், அதற்கு லென்ஸைத் திறக்கத் தேவையில்லை.

எம்42 லென்ஸின் பின்தளத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. தூரம் வேண்டும். மிரர்லெஸ் கேமராவின் சொந்தத் தூரம் 18 மி.மீ. அளவில்தான் இருக்கும். வித்தியாசமான சுமார் 27 மி.மீ.-க்கு வெறும் குழாய் ஒன்றை வைத்து ஒப்பேற்றுகிறோம், அதுதான் அடாப்டர். ஃபிலிம் கேமராவில் அந்த இடத்தில் மிரர் நிற்கிற பெரிய பெட்டி இருந்தது, சுவர்கள் தள்ளி இருந்தன. இங்கே சுவர் வெளிச்சப் பாதைக்கு ஒட்டியே வந்துவிட்டது. நேராகப் பார்க்கும்போது கறுப்பாக இருக்கிற பெயின்ட், உரசிக்கொண்டு போகிற வெளிச்சத்துக்குப் பளபளப்பாகிவிடும். மழை நாளில் தார்ச்சாலையைக் குனிந்து பார்ப்பது மாதிரி.

அதனால்தான் இந்த இடத்தில் பெயின்டைவிட வெல்வெட்டை நம்புகிறேன். பின்பக்கம் பசையுள்ள கறுப்பு வெல்வெட் தாள், தொலைநோக்கிக் குழாய்களுக்குள் ஒட்டுவார்களே, அது. நிமிர்ந்து நிற்கிற இழைகளுக்குள் போன வெளிச்சம் திரும்பி வருவது கஷ்டம். ஒட்டுவதற்கு முன்னால் சில விஷயங்களைக் கவனியுங்கள். தாளை வெட்டியதும் வெட்டிய ஓரத்தில் இழை உதிரும், அது நேராகச் சென்சாரில் போய் உட்காரும். ஆகவே வெட்டிய பிறகு ஓரங்களை ஒட்டுநாடாவால் நான்கைந்து முறை ஒற்றி எடுங்கள். அடாப்டர் உள்பக்கத்தை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை போன பிறகு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வெயில் நாளில் சுருண்டு வந்து நடுவில் நிற்கும். துண்டின் நீளத்தை அரை மி.மீ. கூடவே வெட்டி, இரண்டு முனையும் முட்டி நிற்கும்படி அழுத்தினால் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

திருகுப் புரியில் வெல்வெட் ஒட்ட முடியாது. அங்கே மேட் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட், மெல்லிய தூரிகையால், லென்ஸ் திருகி உட்காராத கடைசிப் புரிகளுக்கு மட்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அந்த ஆவி பின்கண்ணாடியில் படியும்.

இன்னும் வேண்டுமென்றால் அடாப்டரின் நடுவில் செவ்வகத் துளையுள்ள கறுப்பு அட்டை ஒன்றைச் சொருகலாம். சென்சாருக்குப் போகாத அந்த முக்கால்வாசி வெளிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே தடுக்கப்பட்டுவிடும். துளை அளவுக்கு வாய்பாடு எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. பெரிதாக வெட்டித் தொடங்கி, எஃப்/2-இல் தூரத்து விளக்குகளை மங்கலாக்கிப் படம் எடுத்துப் பார்ப்பேன். ஓரத்து மங்கல் வட்டங்களில் ஏதாவது கத்தியால் வெட்டிய மாதிரி நேர்க்கோடு விழுந்தால் துளை சின்னதாகிவிட்டது என்று அர்த்தம்.

#8 கண்ணாடிப்பித்தன்

சரி, ஒத்துக்கொள்கிறேன். முகங்களை எண்ணுகிற ஆசையில் குழாயை மறந்துவிட்டேன்.

லென்ஸைத் திறக்கப் போகிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். என்னிடம் இருந்த ஒரு பழைய 135 மி.மீ. லென்ஸில் இதே மாதிரிப் படலம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தாராளமாக ஊற்றித் துடைத்தேன். படலம் போனது. கூடவே கண்ணாடியின் விளிம்பில் சுற்றிலும் அடித்திருந்த கறுப்புப் பூச்சும் கரைந்து, மை ஊறுவது மாதிரி முகத்துக்குள் ஓடிவந்தது. துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டேன், ஆனால் விளிம்பு சாம்பல் நிறத்தில் நிர்வாணமாக நின்றது. மாட்டிப் படம் எடுத்தால் முன்னைவிட மோசம்!

சாணை பிடித்த கண்ணாடி விளிம்பு உள்ளிருந்து வருகிற வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அந்தக் கறுப்பு அலங்காரத்துக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பிறகு இந்தியன் இங்க் எனப்படும் கறுப்பு வரைமையை எடுத்து, கண்ணாடியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இரண்டு பூச்சுப் பூசினேன். மேட்டாக இருக்க வேண்டும் என்று பார்க்காதீர்கள். இங்கே முக்கியம் பூச்சு கண்ணாடியோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்வது. இடையில் காற்று இருந்தால், வெளியே எவ்வளவு கறுப்பாகத் தெரிந்தாலும் உள்ளிருந்து பார்க்கிற கதிருக்கு அந்த இடம் கண்ணாடி மாதிரிதான். சில பழைய லென்ஸ்களில் விளிம்போரம் வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அது இந்தப் பூச்சு கண்ணாடியை விட்டுப் பிரிந்த இடம். அரும்பு மாதிரி நாலைந்து இருந்தால் பயப்பட வேண்டாம், சுற்றிலும் பிரிந்திருந்தால் பாருங்கள்.

#9 கால்ஸ்டாப்

கரிச்சான், வெல்வெட் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "முன்னைவிடப் பரவாயில்லை போலிருக்கிறது" என்று மனசைத்தான் தேற்றிக்கொள்வீர்கள்.

ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே முழுக்கக் கறுப்பு, வெளிமுகத்தில் வெள்ளைத் தாள். நடுவில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஓட்டை. அந்த ஓட்டைதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகக் கறுப்பான பொருள். எந்தக் கறுப்புத் துணியும் அதற்கு ஈடாகாது, ஏனென்றால் உள்ளே போன வெளிச்சம் வெளியே வருவதற்குள் பல முறை சுவரில் முட்டிச் செத்துவிடும். வெள்ளை முகம் படத்தை நிரப்பும்படி வைத்து, ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுங்கள். வெள்ளை எரிந்துபோகக் கூடாது. பிறகு எந்த வளைகோடும் போடாத நேரியல் மதிப்பில், கேமராவின் சொந்தக் கறுப்பு மட்டத்தைக் கழித்துவிட்டு, ஓட்டையின் மதிப்பை வெள்ளையின் மதிப்பால் வகுங்கள். வருகிற சதவீதம்தான் உங்கள் லென்ஸ், அடாப்டர், கேமரா மூன்றும் சேர்ந்து கொடுக்கும் புகை.

எஃப்/4-இல் ஒன்று, எஃப்/11-இல் ஒன்று எடுங்கள். ஜேபெக்கில் அளக்காதீர்கள், கேமரா தன் இஷ்டத்துக்கு நிழலை இழுத்திருக்கும்.

#10 வெளிச்சப்பூச்சி

இவ்வளவு பாடு எதற்கு? மென்பொருளில் டீஹேஸ் என்று ஒன்று இருக்கிறதே, வலப்பக்கம் இழுத்தால் புகை போயே போச்சு. சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

#11 கால்ஸ்டாப்

கேட்க வேண்டிய கேள்விதான். புகை என்பது எல்லாப் பிக்சலுக்கும் கூடுதலாக ஒரு அளவு வெளிச்சத்தைக் கொட்டுவது. அந்த அளவைக் கழித்துவிடலாம், அதைத்தான் கறுப்புப் புள்ளியை நகர்த்தும்போது செய்கிறோம். ஆனால் அந்த வெளிச்சத்தோடு வந்த இரைச்சலைக் கழிக்க முடியாது. நிழலில் 100 ஃபோட்டான் விழ வேண்டிய இடத்தில் புகை 900-ஐச் சேர்த்தால் மொத்தம் 1,000. அதன் ஏற்ற இறக்கம் வர்க்கமூலம், சுமார் 32. புகையைக் கழித்த பிறகு கையில் இருப்பது 100-உம் 32 இரைச்சலும். புகையே இல்லாதிருந்தால் 100-க்கு 10 இரைச்சல்தான். நிழலைத் திறந்து பார்த்தால் அந்த மணல் மணலான இரைச்சல் இதுதான்.

அதோடு புகை படம் முழுக்கச் சீராக இருப்பதும் இல்லை, நிறமில்லாமல் இருப்பதும் இல்லை. ஜன்னல் பக்கம் நீலமாக அடர்ந்து, மறுபக்கம் தேயும். ஒரே இழுப்பில் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கரியாகும். சிறிது மிச்சத்தைத் தட்டிவிட மென்பொருள் நல்லது, மூல வியாதிக்கு அது மருந்தில்லை.

#12 கரிச்சான்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வேலை முடியாமல் வந்து எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

பெட்டி செய்தேன். எஃப்/11-இல் தொடக்க அளவு 3.4 சதவீதம். எஃப்/4-இல் 2.6.

வெல்வெட் ஒட்டுவதற்கு மூன்று துண்டுகள் வீணாயின. முதல் துண்டு வளைந்து ஒட்டிக்கொண்டது, இரண்டாவது குட்டை, மூன்றாவதை ஒட்டிய பிறகுதான் லென்ஸைப் பொருத்தும் பூட்டு ஊசிக்கு வழி விடவில்லை என்று தெரிந்தது. நான்காவது உட்கார்ந்தது. திருகுப் புரிக்கும் கறுப்பு அடித்தாயிற்று. மறுபடி அளந்தால் எஃப்/11-இல் 1.5, எஃப்/4-இல் 1.4. நடுவட்டம் முழுசாகப் போய்விட்டது! அட்டைத் தடுப்பு இன்னும் வைக்கவில்லை.

திருகாணி அண்ணா, அந்த நடுவட்டம் ஏன் மூடின அபெர்ச்சரில் மட்டும் வந்தது என்று சொல்லுங்களேன்.

பிறகு துணிந்து பின்பக்கத்தைத் திறந்தேன். வளையத்தின் இரண்டு காடிகளில் ஸ்பேனரை வைக்கும்போது கை நடுங்கியது உண்மை. எதைக் கழற்றினாலும் முதலில் ஃபோனில் ஒரு படம், பென்சிலால் ஒரு கோடு. கண்ணாடிப்பித்தன் எழுதியது மனசிலேயே இருந்ததால் திரவத்தைக் கண்ணாடியில் விடவில்லை. லென்ஸ் தாளின் நுனியில் ஒரு சொட்டு, நடுவிலிருந்து வெளியே சுழற்றி, விளிம்புக்கு ஒரு மி.மீ. முன்னால் நிறுத்திவிட்டேன். முதல் தாளில் இலேசான மஞ்சள் கறை. மூன்றாவது தாளில் எதுவும் இல்லை. பிளேடுகளில் இருந்த எண்ணெயைத் தொடவில்லை, தைரியம் வரவில்லை.

இப்போது எஃப்/4-இல் 0.8.

#13 திருகாணி

பிளேடை விட்டது நல்ல முடிவு. எண்ணெய் கொஞ்சம்தான் இருக்கிறது, அந்த லென்ஸில் பிளேடைக் கையால்தானே மூடுகிறோம், ஸ்பிரிங் தள்ளுவதில்லை. ஒட்டிக்கொண்டு நிற்கும் என்ற பயம் இல்லை. ஆனால் அந்த எண்ணெய்தான் ஆவியாகி மறுபடி கண்ணாடியில் படியும், ஃபோகஸ் கிரீஸிலிருந்து பிரிந்து வருவது. வருடத்துக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் லென்ஸை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கிரீஸ் இளகினால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

நடுவட்டத்தைப் பொறுத்தவரை: சென்சாரின் முகம் ஃபிலிமைப் போல மங்கலானதில்லை, தட்டையான பளபளப்பு. அங்கிருந்து திரும்பிய வெளிச்சம் அடாப்டர் சுவரிலும் பின்கண்ணாடியிலும் பட்டு மறுபடி வருகிறது. அபெர்ச்சர் திறந்திருக்கும்போது இதெல்லாம் அகலமாகப் பரவிக் கலந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. மூடினால் அபெர்ச்சரின் உருவம் சிறுத்து, ஓரம் கூர்மையாகி, ஒரு வட்டமாகப் புலப்படும். சில லென்ஸ்களில் பின்கண்ணாடியின் வளைவே இதைச் செய்யும், அதற்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. வெல்வெட்டிலேயே போனது உங்கள் அதிர்ஷ்டம்.

#14 கண்ணாடிப்பித்தன்

0.8 சதவீதம்! ஒற்றை அடுக்குக்கு 0.6 என்ற கணக்கு என்னுடையது இல்லை, கால்ஸ்டாப் போட்டது. எப்படியோ, கோட்டிங்கின் பங்கு என்று சொன்னதற்குக் கிட்டே வந்துவிட்டீர்கள். இனி மிச்சத்தைக் கோட்டிங் தலையில் போடலாம் என்று நினைக்கிறேன்.

ஹூட் என்ன போட்டிருக்கிறீர்கள்?

#15 கரிச்சான்

இன்னும் இல்லை. 50 மி.மீ. லென்ஸ்களுக்கான உலோக ஹூட் ஒன்று 49 மி.மீ. திருகில் கிடைக்கிறது. அது போதுமா?

#16 கால்ஸ்டாப்

உங்களுக்கு அது ரொம்பக் குட்டை. 58 மி.மீ. லென்ஸ் முழு ஃபிரேமில் மூலைக்கு மூலை 41 டிகிரி பார்க்கிறது. ஏபிஎஸ்-சி-யில் 27 டிகிரிதான். ஹூட் 10 மி.மீ. நீளும்போது அதன் வாய் ஆரம் முழு ஃபிரேமுக்குச் சுமார் 3.7 மி.மீ. விரிய வேண்டும், உங்களுக்கு 2.4 விரிந்தால் போதும். அதாவது 85 மி.மீ. லென்ஸுக்குச் செய்த ஆழமான ஹூட்டையே நீங்கள் மாட்டலாம். உட்புறம் வரிவரியாக இருக்கிறதா, பளபளக்கிறதா என்று பாருங்கள். மிச்சம் இருக்கிற வெல்வெட்டை அதற்குள்ளும் ஒட்டிவிடுங்கள்.

மாட்டியதும் சோதிப்பதற்கு ஃபோகஸை முடிவிலியில் வைத்து, வெள்ளைச் சுவரை எஃப்/2-இல் ஒன்றும் எஃப்/16-இல் ஒன்றும் எடுங்கள். எஃப்/2-இல் மூலை கொஞ்சம் இருளும், அது ஹூட் இல்லாமலும் இருளும். ஹூட்டைக் கழற்றிவிட்டு எடுத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஃப்/16-இல் மூலையில் கூர்மையான நிழல் விழுந்தால் ஹூட் நீளம்.

#17 வெளிச்சப்பூச்சி

எனக்குத் தெரிந்த துறைக்கு இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது. ஃபிளேரை வரவழைக்கத் தெரிந்தவருக்குத் துரத்தவும் தெரியும் இல்லையா.

விளக்கு படத்துக்குள்ளேயே இருந்தால் ஹூட் சும்மா தொப்பி மாதிரிதான். அரை அடி நகர்ந்து நின்று, விளக்கை ஒரு கிளைக்கோ ஆளின் தலைக்கோ பின்னால் ஒளித்துப் பாருங்கள். பச்சையாகவோ ஊதாவாகவோ பலகோண வடிவில் ஒரு கோஸ்ட் (லென்ஸுக்குள் பிரதிபலித்து வரும் போலி உருவம்) வந்தால் விளக்கைப் படத்தின் மையத்திலிருந்து மெல்ல நகர்த்துங்கள், கோஸ்ட் எதிர்ப்பக்கம் ஓடும். அதை இருட்டான இடத்திலிருந்து விரட்டி வெளிச்சமான வானத்துக்குள் கொண்டுபோய் விட்டால் கண்ணில் படாது. இரவில் தெருவிளக்கின் தலைகீழ் உருவம் மையத்துக்கு நேர் எதிரே மிதந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள், தட்டையான ஃபில்டரைக் கழற்றுங்கள். சென்சாரும் ஃபில்டரும் பந்து விளையாடுகிற விளையாட்டு அது.

கரிச்சான், அந்த 3.4 சதவீத அடாப்டர் மாதிரி இன்னொன்று இருந்தால் வெல்வெட் ஒட்டாமல் எனக்கு வேண்டும்.

#18 மழைமேகம்

இந்த இழையைப் படித்துவிட்டு என் சூப்பர் டாகுமார் 55 மி.மீ. எஃப்/1.8-ஐ விளக்கில் பார்த்தேன். பிறை எதுவும் இல்லை. ஆனால் என் அடாப்டரில் உள்பக்கமாக ஒரு உதடு நீட்டிக்கொண்டிருக்கிறது, லென்ஸின் பின்னால் இருக்கும் சின்ன முள்ளை அழுத்துவதற்கு. அதன் ஓரம் மட்டும் வளையமாக மின்னுகிறது. இதற்கும் வெல்வெட் ஒட்டலாமா?

#19 திருகாணி

வெல்வெட் வேண்டாம். அதன் கனத்தில் உதடு தடித்துப்போய் முள் கோணலாக அழுந்தும், அபெர்ச்சர் சரியாக மூடாது. மின்னுகிற உள் ஓரத்துக்கும் சென்சாரைப் பார்க்கிற முகத்துக்கும் மட்டும் மேட் பெயின்ட் மெல்லிசாக. முள் படுகிற முகத்தை அப்படியே விட்டுவிடுங்கள், உரசி உரசிப் பெயின்ட் தூளாகி உள்ளே விழும்.

அந்த லென்ஸில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மேனுவலில் வைத்தால் முள்ளை அழுத்தவே தேவையில்லை. உதடு இல்லாத அடாப்டர் கிடைத்தால் அதற்கே மாறிவிடுங்கள்.